மடக்குத் தட்டி வாங்குமுன் குனிந்து பாருங்கள்

பழைய மடக்குத் தட்டி ஒன்று, அதாவது பலகைகளைக் கீல் போட்டுச் சேர்த்து அறையில் மறைப்பாக நிறுத்தும் சாமான், விலைக்கு வந்தால் பெரும்பாலோர் அதை விரித்து வைத்து நாலடி தள்ளி நின்று பார்க்கிறார்கள். செதுக்கு வேலை கண்ணில் படும், பிரம்புப் பின்னல் படும், பித்தளைக் கீல் படும். அதோடு விலை பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். காவிரிப் படுகையில் இந்தச் சாமான் கெட ஆரம்பிப்பது காலில். அதனால் முதலில் குனிய வேண்டும். முடிந்தால் தட்டியை மடக்கி ஒரு பாயின்மேல் சாய்த்துப் படுக்க வைத்து, கால்களின் அடியைப் பார்க்க வேண்டும்.

மரத்தின் குறுக்கு வெட்டு, வைக்கோல் கட்டின் வெட்டிய முனை மாதிரி. ஒவ்வொரு நாரும் ஒரு குழாய். தண்ணீர் பட்டால் உறிஞ்சி மேலே ஏற்றும். தட்டியின் ஒவ்வொரு காலும் அந்த முனையில்தான் தரையில் நிற்கிறது. தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளில் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைப்போம். வெள்ளிக்கிழமை என்றால் கழுவியே விடுவோம். மேசைக்கும் நாற்காலிக்கும் கால் நாலுதான். நாலு பலகைத் தட்டிக்கு எட்டுக் கால். எட்டும் தினமும் தண்ணீர் குடிக்கின்றன. மேலே பாலிஷ் மின்னிக்கொண்டிருக்கும்போதே அடியில் இரண்டு அங்குலம் பஞ்சாகிவிடும்.

பரிசோதனைக்குக் கோணி ஊசி போதும். காலின் உள்பக்கமாக, தரையிலிருந்து அரை அங்குலம் மேலே குத்துங்கள். வைரம் பாய்ந்த தேக்கில் நுனி மட்டும் இறங்கி நின்றுவிடும். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கினால் மரம் போய்விட்டது. எட்டுக் காலிலும் குத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு போயிருந்தால் சரி செய்துகொள்ளலாம், விலையைக் குறைத்துக் கேட்கவும் அதுவே காரணம். எட்டும் போயிருந்தால் தட்டி வெள்ளத்தில் நின்றதா என்று பாருங்கள். கீல் ஒன்றின் திருகைக் கழற்றி உள்ளே பார்த்தால் தெரியும். வெளியே பாலிஷ் பூசி மறைத்த நீர்க்கோடு கீல் பதித்த பள்ளத்தில் வெளுப்பாக அப்படியே இருக்கும். 2018 நவம்பரில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்ததிலிருந்து, கடலோரப் பக்கத்து மரச்சாமான் எதை வாங்கினாலும் இதைப் பார்ப்பது நல்லது.

அழுகிய காலைச் சரிசெய்ய நேராக அறுத்து ஒட்டுப் போட்டால் நிற்காது. குறுக்கு வெட்டும் குறுக்கு வெட்டும் பசையால் ஒட்டவே ஒட்டாது. பசையையும் அந்தக் குழாய்கள் குடித்துவிடும். சாய்வாக அறுக்க வேண்டும். காலாக இறங்கும் சட்டம் 2 அங்குல அகலம் என்றால் சாய்வின் நீளம் 6 முதல் 8 அங்குலம். ஒட்டுப் போடும் துண்டும் பழைய தேக்காக, நாரோட்டம் ஒரே திசையில் போகும்படி இருக்க வேண்டும். உடைத்த கதவு நிலையின் துண்டு ஆசாரிகளிடம் கிடைக்கும். தண்ணீர் தாங்கும் பசை போட்டு, இரண்டு மூங்கில் முளை அடித்து, ஒரு நாள் முழுக்க இறுக்கிக் கட்டி வைத்துவிட்டு, பிறகு இழைத்துச் சமன் செய்யுங்கள். எல்லாக் காலையும் ஒரு அங்குலம் அறுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று சிலர் யோசனை சொல்வார்கள். அறுத்த தட்டியில் கீழ்ச் சட்டம் தரையைத் தொடும். அடுத்த பத்து வருடத்தில் அந்தச் சட்டமே அழுகும்.

கால் நன்றாக இருந்தாலும் அடியை அடைத்தே ஆக வேண்டும். தட்டியைத் தலைகீழாக நிறுத்தி, காலின் அடியில் அரால்டைட் பசையை மெல்லத் தடவினால் உறிஞ்சிக்கொள்ளும். காய்ந்ததும் இன்னொரு தடவை. அதன்மேல் நைலான் அல்லது ரப்பர் குமிழ் ஒன்று அடித்தால் மரம் தரையைத் தொடாது. கால் அங்குல உயரம் போதும். இந்தக் குமிழை மட்டும் யாரும் விட்டுவிட வேண்டாம். விலை மிகக் குறைவு, தட்டியின் ஆயுளே அதில்தான் இருக்கிறது.

எங்கிருந்து வந்தவை

ஐரோப்பாவில் ‘கோரமண்டல் ஸ்கிரீன்’ என்று ஒரு வகை மிகப் பெரிய விலைக்குப் போகிறது. கறுப்பு அரக்குப் பூச்சை வெட்டிக் குடைந்து, அந்தக் குழிகளில் வண்ணம் நிரப்பிய சீன வேலை. பெரும்பாலும் 12 பலகை, ஆளைவிட உயரம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் சீனாவில் செய்து, இந்தியாவின் கிழக்குக் கரைத் துறைமுகங்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போனதால் அந்தப் பெயர். கோரமண்டல் என்பது நம் சோழமண்டலம்தான். இங்கே செய்தவை அல்ல அவை. இந்தக் கரையைத் தொட்டுப் போனவை. நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையிலும், தரங்கம்பாடி 1620 முதல் 1845 வரை டேனியர் கையிலும் இருந்த காலம் அது. அந்தப் பெயரை வைத்து யாராவது ‘இது கோரமண்டல்’ என்று விலை சொன்னால் நம்பிவிடாதீர்கள். நம் ஊர் வீடுகளில் கிடைக்கும் சீனத் தட்டிகள் அவ்வளவு பழையவை அல்ல. நாலு பலகை, கறுப்பு அரக்கு, அதில் மாக்கல்லிலும் சிப்பியிலும் செய்த பெண்கள், கொக்கு, பூங்கொத்து ஒட்டியிருக்கும். ராஜுலா என்ற பயணிகள் கப்பல் நாகப்பட்டினத்துக்கும் பினாங்கு, சிங்கப்பூருக்கும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அக்கரை போய்வந்தவர்கள் கொண்டுவந்த சாமான் வகை இது. இந்தத் தட்டியில் முதலில் உதிர்ந்து விழுவது ஒட்டிய உருவங்களின் மூக்கும் கையும்தான். ஒட்டிய உருவங்களின் மேல் விரலை மெல்ல ஓட்டினால் எது ஆடுகிறது என்று தெரியும். ஆடுவதை அன்றைக்கே ஒரு காகித உறையில் போட்டு, எந்தப் பலகை, எந்த இடம் என்று எழுதி வைத்துவிடுங்கள்.

அடிக்கடி கிடைப்பது தேக்குச் சட்டத் தட்டி. மூன்றோ நாலோ பலகை, நடுவே பிரம்பு அல்லது சுருக்கிட்ட துணி. இந்தத் தட்ப வெப்பத்துக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் கருத்து. சீனத் தட்டியும் செதுக்குத் தட்டியும் பார்க்க அழகு. இது வீட்டில் ஒரு ஆள் மாதிரி உழைக்கும். வடக்கே சகரன்பூரில் சீசம் மரத்தில் சல்லடையாகச் செதுக்கிய தட்டிகளும் உண்டு. அவற்றில் வைரம் பாயாத வெளிறு மரம் கலந்திருக்கும், உளு என்னும் மரம் துளைக்கும் பூச்சி முதலில் அங்கேதான் ஏறும்.

இன்னொரு வகை இப்போது கடைகளில் அதிகம்: இடித்த வீட்டின் கதவுகளையோ ஜன்னல் கதவுகளையோ கீல் போட்டுச் சேர்த்தது. தவறொன்றும் இல்லை, அப்படிச் சொல்லி விற்றால். ஆனால் எடையைக் கணக்குப் பண்ணுங்கள். 6 அடி உயரம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அங்குலக் கனமுள்ள தேக்குக் கதவு ஒன்றே ஏறக்குறைய 20 கிலோ. நாலு சேர்ந்தால் 80. அசல் தட்டியில் சட்டம் ஒரு அங்குலக் கனம்தான், பிரம்போடு ஒரு பலகை 5 கிலோவைத் தாண்டாது. நாலும் சேர்ந்து 20 கிலோ, ஒருவர் தூக்கி நகர்த்தலாம். கதவுத் தட்டியை ஒருமுறை நிறுத்தினால் நிறுத்திய இடம்தான். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் அதைச் சுவரோடு பிணைக்காமல் வைக்கவே கூடாது. கதவிலிருந்து செய்ததைக் கண்டுபிடிப்பது எளிது: ஓரத்தில் தாழ்ப்பாள் இருந்த துளையை மரத்துண்டு வைத்து அடைத்திருப்பார்கள், பாலிஷில் அந்தத் துண்டு மட்டும் வேறு நிறம் காட்டும்.

பழசா, பழசாக்கியதா என்று பார்க்கக் கையும் கண்ணும் போதும். நிஜப் பழசு ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. தட்டியை நகர்த்துபவர் பிடிக்கும் இடம் வெளிச் சட்டத்தில் நெஞ்சு உயரம். அங்கே பாலிஷ் போய் மரம் வழவழவென்று இருக்கும். செதுக்கின் உள்மூலையில் தூசி படிந்து கறுத்திருக்கும், மேடு வெளுத்திருக்கும். செயற்கையாகப் பழசாக்கியதில் மேடு பள்ளம் எல்லாம் ஒரே பழுப்பு. திருகின் தலையில் ஒற்றைக் கோடு இருக்கிறதா, கூட்டல் குறி இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டல் குறித் திருகு 1930களுக்குப் பிறகுதான் வந்தது. அதனால் தட்டி புதிது என்று அர்த்தமில்லை, கீலை யாரோ மாற்றியிருக்கலாம்; பக்கத்தில் பழைய கீலின் நிழல் தெரிகிறதா என்று தேடுங்கள். சட்டங்கள் சேரும் மூலையில் துளையும் முளையுமாகப் பொருத்தி மரமுளை அடித்திருந்தால் நல்ல வேலை. மூலையில் ஆணி மட்டும் இருந்தால் ஆட்டம் காணும்.

கீல்

சாதாரணக் கதவுக் கீல் ஒரு பக்கம்தான் மடங்கும். அதைத் தட்டிக்குப் போட்டால், முதல் இணைப்பில் கீலின் குழல் முன்பக்கம் வர வேண்டும், அடுத்த இணைப்பில் பின்பக்கம், அதற்கடுத்து மறுபடி முன்பக்கம். அப்போதுதான் விசிறி மடிப்பாக மடங்கும். எல்லாக் குழலையும் ஒரே பக்கம் வைத்த தட்டிகள் நிறையக் கண்ணில் படுகின்றன. அவை வட்டமாகத்தான் வளையும். மடக்கி அடுக்க முடியாது. இருபக்கமும் மடங்கும் ஸ்கிரீன் கீல் என்று தனியாக உண்டு. அதை வாங்கும்போது சட்டத்தின் கனத்தை அளந்துகொண்டு போங்கள். ஒரு அங்குலச் சட்டத்துக்கு ஒரு அங்குலக் கீல்தான் சேரும். முக்கால் அங்குலச் சட்டத்துக்கு அதைப் போட்டால் மடங்கும்போது இடைவெளி விட்டு ஆடும்.

6 அடித் தட்டியில் ஓர் இணைப்புக்கு மூன்று கீல். மேலிருந்து 7 அங்குலத்தில் ஒன்று, கீழிருந்து 7 அங்குலத்தில் ஒன்று, நடுவே ஒன்று. இரண்டு போதும் என்று விட்டால் சட்டம் மழைக்காலத்தில் வளையும்போது நடுவில் வாய் திறக்கும். கீலின் நீளம் 2 அல்லது இரண்டரை அங்குலம். மூடிய நிலையில் இரண்டு சட்டங்களுக்கும் நடுவே ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அளவு இடம் இருந்தால் சரி. இடமே இல்லாமல் கீலை ஆழமாகப் பதித்துவிட்டால், முழுவதும் மடங்குமுன்பே சட்டங்கள் முட்டி, மடக்கும்போதெல்லாம் திருகைப் பிடுங்கும். கீலுக்கு அடியில் தபால் அட்டையை வெட்டி வைத்து உயர்த்தினால் தீரும்.

கீல் பிடுங்கிக்கொள்வதற்கு இங்கே இன்னொரு காரணம் இருக்கிறது, ஆசாரிகளே பலர் கவனிப்பதில்லை. பழைய வீடுகளில் தாழ்வாரமும் கூடத்தின் ஓரமும் முற்றத்தை நோக்கிச் சற்றே சரிந்திருக்கும், தண்ணீர் ஓட. அந்தச் சரிவில் தட்டியை வைத்தால் ஒன்றிரண்டு பலகையின் கால் தரையைத் தொடாது. பார்வைக்குத் தெரியாது. அந்தப் பலகையின் முழு எடையையும் பக்கத்துப் பலகையின் கீல் சுமக்கும். மேல் கீலின் திருகு ஆறு மாதத்தில் தளரும். திருகை மாற்றுவார்கள், மறுபடி தளரும். குற்றம் தரையில் இருக்கிறது. தட்டியை நிறுத்தியதும் ஒவ்வொரு காலுக்கடியிலும் ஒரு காகிதத் துண்டை நுழைத்துப் பாருங்கள். தடையில்லாமல் நுழைந்து வெளியே வரும் கால் தொங்குகிறது. அந்தக் காலின் குமிழுக்கு அடியில் ரப்பரோ பழைய செருப்புத் தோலோ வெட்டி ஒட்டிச் சரிக்கட்டுங்கள். இதைச் செய்யாமல் கீலைத் தொட்டுப் பயனில்லை.

தளர்ந்த துளைக்குத் தீக்குச்சி திணிப்பது தற்காலிகம். துளையை 6 மில்லிமீட்டருக்கு நேர்த்தியாகத் துளைத்து, மூங்கில் முளையைப் பசையோடு அடித்து, ஒரு நாள் விட்டு, அதில் 2 மில்லிமீட்டர் துளை போட்டுத் திருகுங்கள். பித்தளைத் திருகு மென்மை. தேக்கில் நேராக முடுக்கினால் கழுத்து முறியும். அதே அளவு எஃகுத் திருகை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிவிட்டு, பித்தளைத் திருகின் புரியில் மெழுகு தேய்த்து முடுக்கினால் சுகமாக இறங்கும். கடலோர ஊர்களில் இரும்புத் திருகு வேண்டவே வேண்டாம். உப்புக் காற்றில் துருவேறி, சுற்றியுள்ள மரத்தையும் கறுக்க வைத்து, கடைசியில் தலை உடைந்து உள்ளே தங்கிவிடும்.

பித்தளைக் கீலைப் புளி போட்டுத் தேய்க்கும் பழக்கம் நம் வீடுகளில் விடாது. குத்துவிளக்குக்குச் சரி. கீலைச் சட்டத்திலேயே வைத்துத் தேய்த்தால் புளித்தண்ணீர் இடுக்கில் இறங்கி, பாலிஷை வெளுக்க வைத்து, பச்சைக் களிம்பு கட்டும். கழற்றித் தேய்க்க முடியாவிட்டால் உலர்ந்த துணியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கோணமும் காற்றும்

தட்டி நிற்பது அதன் மடிப்பினால். எவ்வளவு நேராக விரிக்கிறோமோ அவ்வளவு இடத்தை மறைக்கும், அவ்வளவு எளிதாக விழும். 18 அங்குலப் பலகை நாலு என்றால் மொத்தம் 72 அங்குலம். பலகைகளுக்கு நடுவே 90 பாகைக் கோணம் வைத்தால் மறையும் அகலம் 51 அங்குலம். முன்னும் பின்னுமாகப் பிடிக்கும் தடம் கிட்டத்தட்ட 13 அங்குலம். 120 பாகைக்கு விரித்தால் 62 அங்குலம் மறையும், தடம் 9 அங்குலம். 135 பாகைக்குப் போனால் 66 அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே மறையும், தடம் 7 அங்குலத்துக்குக் குறைந்துவிடும். நாலு அங்குலம் கூடுதலாக மறைக்கும் ஆசைக்கு இரண்டு அங்குல அடித்தளத்தைக் கொடுக்கிறோம். 6 அடி உயரமுள்ள சாமான் 7 அங்குல அடியில் நிற்பது மின்விசிறிக் காற்றுக்கே ஆபத்து, ஆடிக் காற்றுக்குச் சொல்லவே வேண்டாம். 90 முதல் 120 வரை வையுங்கள். கூடுதல் அகலம் தேவைப்பட்டால் ஒரு பலகை கூட உள்ள தட்டியைத் தேடுங்கள். மறைக்க வேண்டிய அகலத்தை அளந்து, அதில் கால் பங்கு கூட்டினால் மடக்காத அகலம் எவ்வளவு வேண்டும் என்று ஏறக்குறைய வந்துவிடும்.

நம் வீடுகளின் அமைப்பே காற்றுக்காகத்தான்: ரேழி, கூடம், இரண்டாம் கட்டு, கொல்லை என்று ஒரே நேர்க்கோட்டில் வாசல்கள். அந்தக் கோட்டில் மூடிய பலகைத் தட்டியை வைத்தால் இரண்டு கேடு. பின்னால் உள்ள பகுதி புழுங்கும். முன்னால் வரும் காற்று மொத்தமும் தட்டியைப் பாய்மரமாக்கித் தள்ளும். அந்த இடத்துக்குப் பிரம்பு அல்லது சல்லடைச் செதுக்குதான். மூடிய தட்டி, குறிப்பாக அரக்குத் தட்டி, காற்றோட்டத்துக்குப் பக்கவாட்டில் நிற்கட்டும். அடுக்குமாடி வீட்டில் ஹாலையும் சாப்பாட்டு இடத்தையும் பிரிக்க வைப்பவர்கள், ஒரு முனையைச் சுவரோடு முட்ட வைத்து, அந்தச் சட்டத்தில் மேலிருந்து ஓரடி கீழே ஒரு சின்னக் கொண்டி போட்டுச் சுவரில் மாட்டிவிடுவது நல்லது. குழந்தையோ தள்ளாத பெரியவர்களோ இருந்தால் கட்டாயம். விழப்போகிறவர் கை முதலில் பிடிப்பது பக்கத்தில் நிற்கும் தட்டியைத்தான்.

இரவில் தட்டிக்குப் பின்னால் மட்டும் விளக்கு எரிந்தால் பிரம்பு வழியே எல்லாம் நிழலாகத் தெரியும். உடை மாற்றும் இடத்துக்கு வைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். அங்கே துணித் தட்டிதான் சரி.

பிரம்பும் துணியும்

பிரம்புப் பின்னல் தொய்ந்தால் உடனே மாற்றச் சொல்வார்கள். முதலில் தண்ணீரில் நனைத்த ஸ்பாஞ்சால் பின்பக்கத்தை, பளபளப்பில்லாத பக்கத்தை, நன்றாக ஈரமாக்கி நிழலில் காற்றாட விடுங்கள். காயும்போது பிரம்பு சுருங்கி இழுத்துக்கொள்ளும். இழை அறுந்திருந்தால்தான் மாற்ற வேண்டும். கொள்ளிடம் பக்கம் தைக்காலில் பிரம்பு வேலை செய்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். சட்டத்தைச் சுற்றி வரிசையாகத் துளைகள் இருந்தால் அது கையால் பின்னுவது. அந்தத் துளைகளிலேயே மறுபடி பின்னச் சொல்லுங்கள். வேலை சீக்கிரம் முடியட்டும் என்று பழைய சட்டத்தில் பள்ளம் வெட்டி ஆயத்தப் பின்னலை ஒட்டினால் சட்டம் துளை வரிசையிலேயே பிளக்கும்.

பள்ளம் ஏற்கெனவே உள்ள சட்டமானால் ஆயத்தப் பின்னல் போடலாம், நீங்களே செய்யலாம். நாலு பக்கமும் பள்ளத்தைத் தாண்டி ஒரு அங்குலம் வரும்படி வெட்டுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம் ஊறட்டும். பள்ளத்தில் கிடக்கும் பழைய பசையை உளியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். அது கிடந்தால் புதியது உட்காராது. ஈரப் பின்னலை விரித்து, முதலில் நாலு பக்கத்தின் நடுவிலும் மரஆப்பால் பள்ளத்தில் அழுத்துங்கள், பிறகு நடுவிலிருந்து மூலை நோக்கி. ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தால் கட்டம் கோணலாகும், காய்ந்தபின் எதிர்மூலையில் சுருக்கம் விழும். பள்ளத்தில் பசை விட்டு, ஊறவைத்த ஓரப் பிரம்பை மேலே அடித்து இறக்கி, துருத்திக்கொண்டிருக்கும் முனைகளை வெட்டுங்கள். பின்னல் அப்போது தளர்வாகத்தான் இருக்கும், கையால் இழுக்காதீர்கள். ஒரு நாளில் காய்ந்து மேளத் தோல் மாதிரி ஆகிவிடும். ஈரமாக இருக்கும்போதே இழுத்து இறுக்கியவை காயும்போது தாங்களாகவே அறுந்துபோகும், அல்லது மெல்லிய சட்டத்தை உள்ளே வளைக்கும். பின்பக்கத்துக்கு வார்னிஷ் வேண்டாம். அந்தப் பக்கம்தான் பிரம்பு ஈரம் வாங்க முடியும்.

செலவு குறைக்க நினைத்தால் மெல்லிய கோரைப் பாயும் அழகாக இருக்கும். வெட்டுமுன் வெட்டுக் கோட்டின் இரண்டு பக்கமும் தையல் போட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் கோரை உதிர்ந்துகொண்டே போகும்.

துணித் தட்டிக்கு உள்ளகலத்தைப்போல் இரண்டு மடங்கு துணி வேண்டும். உள்ளகலம் 15 அங்குலம் என்றால் 30. உயரம் 54 அங்குலம் என்றால் மேலும் கீழும் கம்பி நுழையும் மடிப்புக்கு 3, 3 சேர்த்து 60. பழைய பட்டுப் புடவையை இதற்குப் பயன்படுத்த ஆசைப்படுபவர்கள் பலர். ஐந்தரை மீட்டர்ப் புடவையை நீளவாக்கில் வெட்டினால் மூன்று பலகைக்கு வரும், முந்தானை மிஞ்சும். ஆனால் பழைய பட்டு மடிப்பில்தான் இற்றுப்போகும், சுருக்கு என்பதே மடிப்பு. வெளிச்சத்தின் எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்பில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தால் அந்தப் புடவை பெட்டியில் இருப்பதே மரியாதை. உறுதியாக இருந்தால் பின்னால் மல் துணி வைத்துத் தைத்து, ஜன்னலுக்கு எதிராக இல்லாமல் வையுங்கள். சிக்கல்நாயக்கன்பேட்டையில் கையால் எழுதும் கருப்பூர்க் கலம்காரித் துணியைச் சுருக்கிடாமல் தட்டையாக மாட்டினால் அதன் வரைவு முழுதாகத் தெரியும். கோயில்களுக்குத் தொம்பை என்னும் தொங்கும் துணிக் குழலும் வாசமாலை என்னும் வாசல் தோரணத் துணியும் எழுதும் கைகள் அவை; மறைப்புக்கும் அலங்காரத்துக்கும் துணி எழுதுவது அவர்களுக்குப் புதிதில்லை. தட்டையாக மாட்ட இரும்பு ஸ்டேப்பிள் அடிக்காதீர்கள், ஒரு மழைக்காலத்தில் ஓரம் முழுக்கத் துருப் புள்ளி விழும். பித்தளைக் குண்டூசி ஆணி நல்லது. கழற்றும் பழைய துணியில் ஒரு சாண் துண்டை உறையில் போட்டுச் சட்டத்தின் பின்னால் ஒட்டி வையுங்கள். அடுத்து அதைத் திறப்பவருக்கு முதலில் என்ன இருந்தது என்று தெரியட்டும்.

பாலிஷும் உளுவும்

பழைய பாலிஷைச் சுரண்டி எடுப்பதற்கு முன் அது என்ன என்று தெரிய வேண்டும். மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். அசையாமல் இருந்து தின்னருக்கு இளகினால் லாக்கர் என்னும் பூச்சு. இரண்டுக்கும் அசையாவிட்டால் எண்ணெய் அல்லது புதுக்காலப் பூச்சு. அரக்குப் பாலிஷாக இருந்தால் சுரண்டத் தேவையே இல்லை. ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 120 கிராம் அரக்குச் செதில் கரைத்து வடிகட்டி, துணி உருண்டையால் மெல்ல மெல்லப் பூசினால் பழையதும் புதியதும் ஒன்றாகக் கரைந்து சேரும். மாசி, பங்குனியில் செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் செய்தால் காற்றின் ஈரம் பூச்சுக்குள் மாட்டிக்கொண்டு வெள்ளை பூத்துவிடும். பச்சையும் வெள்ளையுமாக எண்ணெய்ப் பெயின்ட் அடித்த தட்டியை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டாம், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். நீர் தொட்டுத் தேய்க்கும் தாளை, முகக்கவசத்தோடு, வீட்டுக்கு வெளியே. சீன அரக்குத் தட்டிக்கு ஸ்பிரிட்டும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம், வெயிலும் வேண்டாம். மென்மையான தூரிகையால் தூசி தட்டுவது மட்டும் போதும்.

உளுவுக்கு, தட்டியின் கீழே கறுப்புக் காகிதம் விரித்து மூன்று வாரம் விடுங்கள். மாவு மாதிரித் தூள் விழுந்தால் பூச்சி உயிரோடு இருக்கிறது. துளையின் உள்பக்கம் வெளிர்நிறமாக, ஓரம் கூராக இருந்தால் புதுத்துளை; கறுத்திருந்தால் பழைய கதை. மரம் காக்கும் மருந்தை ஊசிக்குழாயால் ஒவ்வொரு துளையிலும் ஏற்றி, மெழுகால் அடைத்து, பதினைந்து நாள் கழித்து மறுபடி காகிதம் விரித்துப் பாருங்கள். வீட்டுக்குள் கொண்டுவருமுன் செய்ய வேண்டிய வேலை இது. உளுத்த ஒரு தட்டி, பக்கத்து ஊஞ்சல் பலகையையும் கெடுக்கும்.

வாங்குவதில் இரண்டு சட்ட விஷயம். நூறு வருடத்தைத் தாண்டிய கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சிங்கப்பூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம் என்று நினைத்து வாங்குபவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். தந்தம் பதித்ததாகச் சொன்னால் விலகிவிடுங்கள், வாங்குவதும் விற்பதும் குற்றம். பெரும்பாலும் அது எலும்பாகத்தான் இருக்கும். பூதக்கண்ணாடியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் எலும்பு.

வண்டியில் ஏற்றும்போது மடக்கி, பலகைகளுக்கு நடுவே பழைய போர்வை வைத்து, கயிற்றுக்குப் பதில் அகல நாடாவால் கட்டி, நிற்கவைத்துக் கொண்டுவாருங்கள். படுக்க வைத்து மேலே மூட்டை ஏற்றினால் பிரம்பும் போகும், கீலும் போகும்.

மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறும் வீடுகளில் தட்டியை மடக்கிச் சுவரோரம் சாத்தி வைப்பதுதான் வழக்கம், அதுதான் அதைக் கெடுக்கிறது. மடிப்புக்குள் காற்றுப் போகாமல் பூஞ்சை பூக்கும்; பிரம்பில் முதலில் சாம்பல் புள்ளியாகத் தெரியும். ஐப்பசி பிறந்ததும் தட்டியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி, பாதி விரித்தபடி, கால்களை மணைப் பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை உலர்ந்த துணியால் துடைத்து, மடிப்பை மாற்றி வையுங்கள். தை பிறந்து வெயில் ஏறியதும் திருகுகளை ஒரு சுற்று முடுக்கி, கால் குமிழ்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பழைய இடத்தில் விரிக்கலாம்.